வழக்குத் தள்ளுபடியானால் விசா தப்புமா?

கேள்வி: என் தங்கையின் மகன் அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் வேலை விசாவில் இருக்கிறார். விருந்தொன்றில் குடித்துவிட்டு வாகனம் ஓட்டிவந்தபோது பொலிஸாரிடம் பிடிபட்டார். விபத்து எதுவும் இல்லை, முன்னர் வழக்கும் இல்லை. ‘டைவேர்ஷன்’ என்ற திட்டத்தில் சேர்ந்தால் ஒரு வருடத்தில் வழக்கே இல்லாமற் போய்விடும் என்கிறார்கள் நண்பர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வரப் பயணச்சீட்டும் எடுத்துவிட்டார். வரலாமா?
— வாசகி, கோண்டாவில்

பதில்: மாநில நீதிமன்றத்தைப் பொறுத்தவரை நண்பர்கள் சொல்வது சரிதான். ஆனால் தங்கள் பெறாமகன் அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரெகனில் இத்திட்டத்துக்கு, முதன்முறை மன்றில் தோன்றிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கடந்த 15 ஆண்டுகளில் இத்தகைய குற்றத்தீர்ப்போ டைவேர்ஷனோ இருந்திருக்கக் கூடாது. பிறருக்குக் காயமோ மரணமோ நேர்ந்திருக்கக் கூடாது. கனரக வாகனங்களுக்கான வர்த்தக அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு இவ்வாய்ப்பே கிடையாது. சேர்பவர் பதிவுக் கட்டணமாக 490 டொலர் செலுத்தி, மதுப் பழக்கம் குறித்த மதிப்பீட்டுக்கு உட்பட்டு, அதில் விதிக்கப்படும் வகுப்பையோ சிகிச்சையையோ முடிப்பதோடு, குடிபோதைச் சாரதிகளால் உறவுகளை இழந்தவர்கள் நேரில் பேசும் அமர்வொன்றிலும் இருந்து கேட்க வேண்டும். ஊதிக் காட்டாவிட்டால் இயந்திரம் இயங்காத கருவியொன்றைக் காரில் பொருத்தும்படி பணிப்பதும் வழக்கம். ஓடிக்கொண்டிருக்கும்போதும் அது இடையிடையே ஊதச் சொல்லும். அந்த ஓராண்டில் மது தொடக் கூடாது. தேவாலயத் திருப்பலியில் கொடுக்கப்படும் திராட்சை இரசத்துக்கு மட்டும் சட்டமே விலக்களித்திருக்கிறது. நண்பர் வீட்டு விருந்துக்கு அந்த விலக்கு இல்லை.

இவை யாவும் முடிந்தால் வழக்குத் தள்ளுபடியாகும். இடையில் தவறினால் விசாரணை இன்றியே தண்டனைக்குப் போகும். ஏனெனில் குற்றத்தை ஒப்புக்கொண்டோ, எதிர்வாதம் இல்லை என்று சொல்லியோதான் திட்டத்தினுள் நுழைய முடியும். சாரதி அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்துவது வேறொரு நிருவாக நடவடிக்கை. டைவேர்ஷன் அதைத் தடுக்காது.

அந்த ஒப்புதல்தான் வெளிநாட்டவருக்குச் சிக்கலாகிறது. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் வரைவிலக்கணப்படி, ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அல்லது எதிர்வாதம் இல்லை என்று கூறி, நீதிபதி அவர்மீது ஏதேனும் தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருந்தால், மாநில மன்று பின்னர் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும், அது குற்றத்தீர்ப்பாகவே கொள்ளப்படக்கூடும். காயமோ வேறு குற்றமோ சேராத ஒரு மதுபோதை வழக்கு மாத்திரம் பொதுவாக நாடுகடத்தலுக்குக் காரணமாவதில்லை என்பது ஆறுதல். ஆயினும் பின்னாளில் குடியுரிமை கோரும்போது நன்னடத்தை பற்றிய கேள்வியில் இது எழும்.

பயணம் பற்றி: மதுபோதையில் வாகனம் ஓட்டியதற்காகக் கைதானாலே, தீர்ப்புக்குக் காத்திராமல், விசாவை இரத்துச் செய்ய அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு, அப்படிச் செய்தும் வருகிறது. விசா இரத்தானாலும் அங்கேயே இருந்து வேலை செய்வதற்குப் பொதுவாக இடையூறில்லை. வெளியே வந்துவிட்டால்தான் தொல்லை. கொழும்பிலுள்ள தூதரகத்தில் புதிய விசா கேட்க வேண்டும். அவர்கள் நியமித்த மருத்துவரிடம் மதுப் பழக்கம் குறித்த பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அது எப்போது முடியும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். வேலை கொடுத்தவர் அதுவரை காத்திருப்பாரா என்பதும் தெரியாது. ஆகவே இவ்வருடம் தேரைத் தொலைக்காட்சியில் பார்ப்பதே நல்லது என்பது என் எண்ணம். எப்படியும் டைவேர்ஷன் காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறுவதானால் மன்றின் நிபந்தனைகளையும் பார்த்தாக வேண்டும்.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று உண்டா என்று தாங்கள் கேட்கவில்லை. வேறு வாசகர்கள் கேட்பார்கள். இரத்த மது அளவின் எல்லை இரு இடங்களிலும் ஒன்றே: 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். ஆனால் இங்கே பலூன் ஊதிப் பிடிபட்டவர் நீதவான் முன் குற்றத்தை ஏற்றால் தண்டப்பணமும் அனுமதிப்பத்திர இடைநிறுத்தமும்தான். திட்டத்தில் சேர்ந்து தீர்ப்பைத் தவிர்க்கும் வழி மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை.

தங்கள் பெறாமகன் விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன், குற்றவியல் சட்டத்தரணியோடு குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரையும் சந்திக்கட்டும். ஒப்புதலால் நாடுகடத்தப்படும் ஆபத்து உண்டா என்று வெளிநாட்டுக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது சட்டத்தரணியின் கடமை என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே தயங்காமல் கேட்கலாம். விசாவின் பிரதி, கைது அறிக்கை, மன்று கொடுத்த தாள்கள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.