ஆதிமந்தி என்று ஏன் பெயர் வைக்கக் கூடாது?

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எனக்கு வயது 31. தமிழில் முதுகலை படித்துவிட்டு, குழந்தை உண்டாகும்வரை ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துநராக வேலை பார்த்தேன். மூன்று மாதங்களுக்கு முன் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தாள். நலமாக இருக்கிறாள். ஆனால், இன்றுவரை அவளுக்குப் பெயர் முடிவாகவில்லை. வீட்டில் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதே சரி.

நான் அவளுக்கு ஆதிமந்தி என்று பெயரிட விரும்புகிறேன். ஆதிமந்தி சங்கப் புலவர். குறுந்தொகையின் 31ஆம் பாட்டு அவர் பாடியது. கரிகாலனின் மகள் என்று மரபு சொல்கிறது. இது எனக்குத் திடீரென்று முளைத்த ஆசை அன்று. என் அப்பா தமிழாசிரியர். மறுநாள் வகுப்புக்கு ஆயத்தம் செய்யும்போது பாட்டை உரக்கப் படித்துப் பார்ப்பது அவர் வழக்கம். ஏழெட்டு வயதில் நான் அப்படிக் கேட்டு மனத்தில் தங்கிய பெயர் அது. பிரசவம் முடிந்த மறுநாள் மருத்துவமனையில் வைத்தே என் கணவரிடம் சொன்னேன். காரணம்கூடக் கேட்காமல் உடனே "சரி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. என் மாமியார் பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "மந்தி என்றால் பெண் குரங்கு அல்லவா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சும்மா விடுவார்களா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அந்த மந்தி வேறு, இந்த மந்தி வேறு என்று நான் எவ்வளவு சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. நாத்தனார் என் கைப்பேசிக்கு 42 பெயர்கள் கொண்ட பட்டியலை அனுப்பினார். அவற்றில் ஒன்றுகூடத் தமிழ்ப் பெயர் இல்லை. தமிழ் படித்த ஒருத்திக்கு இப்படி ஒரு பட்டியலை அனுப்பலாமா? மாமியார் குழந்தையைத் தமக்குப் பிடித்த வேறு பெயரில் அழைக்கத் தொடங்கிவிட்டார். நாத்தனார் இன்னொரு பெயரில் கொஞ்சுகிறார். என் தங்கையும் அவர்களோடு சேர்ந்துகொண்டு, "அக்கா, உன் படிப்பைக் காட்டுவதற்குக் குழந்தைதானா கிடைத்தது?" என்கிறாள்.

மருத்துவமனையில் சரி என்றவர் இப்போது, "ஆதிரை என்று வைக்கலாமே, அதுவும் பழைய பெயர்தானே" என்கிறார். சமரசத்துக்காகச் சொல்லும் பெயர் எனக்கு வேண்டாம். அதற்கு மேல் அவர் வாயே திறப்பதில்லை. அவருடைய அம்மா பேசும்போதும் பேசாமல் இருப்பார். நான் பேசும்போதும் பேசாமல் இருப்பார். (பேசாமல் இருப்பது அவருக்குப் புதிதும் அன்று. ஏழாம் மாதத்தில் மருத்துவர் சொல்லி நான் படுக்கையில் ஓய்வாக இருந்தபோது, அப்பா மாரடைப்பில் போனதையே மறுநாள் மாலை எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். என் நன்மைக்காகத்தான். அது வேறு விஷயம்.) எனக்குக் கோபமெல்லாம் மாமியார் மேலும் நாத்தனார் மேலும்தான். பெற்றவளுக்குப் பெயர் வைக்கும் உரிமை இல்லையா? 42 பெயர்களை அனுப்பத் தெரிந்தவருக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லையே!

நான் இப்போதைக்குப் "பாப்பா" என்றுதான் அழைக்கிறேன். முடிவாகாத பெயரைச் சொல்லி எப்படி அழைப்பது? குழந்தை தூங்கினாலும் எனக்குப் பின்னிரவில் விழிப்புத் தட்டிவிடுகிறது, இதே நினைப்புத்தான். இவர்கள் அனைவரையும் இந்தப் பெயருக்கு இணங்க வைப்பது எப்படி? பழைய தமிழ்ப் பெயர் வைப்பது அவ்வளவு பெரிய குற்றமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி


அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் மட்டும் அடைப்புக்குறி இருக்கிறது. மெய்ப்புத் திருத்திப் பழகியவர் நீங்கள்; எதைக் குறிக்குள் ஒதுக்குவது என்பது உங்களுக்குத் தெரியும். மாமியாரின் சிரிப்புக்கும் நாத்தனாரின் பட்டியலுக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்த நீங்கள், உங்கள் தந்தையின் மரணத்தை அந்தக் குறிக்குள் வைத்து மூடி, "அது வேறு விஷயம்" என்று முத்திரையும் குத்தியிருக்கிறீர்கள். நான் அதை வேறு விஷயமாகப் பார்க்கவில்லை. மற்றவற்றை ஒதுக்கிவிட்டு அதைப் பற்றியே எழுதப் போகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய தமிழ்ப் பெயர் வைப்பது குற்றமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இருபது பேருக்கு ஒரே பெயர் இருக்கும் வகுப்பில் தனக்கென்று ஒரு பெயரோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு எந்தக் கெடுதலும் வந்துவிடாது. மூத்தோர் நினைவைக் குழந்தையின் பெயரில் ஏற்றுவதும் நம் மொழியில் ஊறிய ஆசைதான். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் திரிபு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "சிறந்தோன் பெயரன் பிறந்தமாறே" என்று முடியும் நற்றிணையின் 40ஆம் பாட்டை நீங்கள் பாடமாகவே படித்திருப்பீர்கள். தன் தந்தையின் பெயரைத் தாங்கும் பிள்ளை பிறந்துவிட்டான் என்பதற்காக, வீட்டைவிட்டு விலகியிருந்த தலைவன் நள்ளிரவில் கள்வனைப்போல் வந்து நிற்கிறான். அந்த வீட்டில் பெயர் மகிழ்ச்சியோடு வந்து சேர்கிறது.

உங்கள் வீட்டுக்கு ஆதிமந்தி என்ற பெயர் எப்படி வந்து சேர்ந்தது என்று பாருங்கள். குறுந்தொகைப் பாட்டில் அவள் என்ன சொல்கிறாள்? வீரர்கள் கூடிய விழாவிலும் தேடினேன், பெண்கள் கைகோத்து ஆடும் துணங்கையிலும் தேடினேன், "யாண்டும் காணேன் மாண்தக்கோனை" என்கிறாள். மாண்புமிக்க தன் காதலனை எங்குமே காணவில்லை என்கிறாள். அவளுடைய பெயரே பிற்பாடு தவிப்புக்கு உவமையாகிவிட்டது. அகநானூற்றின் 45ஆம் பாட்டில் வெள்ளிவீதியார், ஆதிமந்தியைப்போல் நானும் பேதுற்று அலைந்து திரிவேனோ என்று கலங்குகிறார். தமிழ் முதுகலை படித்த உங்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்திருந்தும், சங்கப் புலவர் என்பதையும் கரிகாலன் மகள் என்பதையும் மட்டும் எழுதிவிட்டு, அவள் எதற்காகப் பேர்பெற்றவள் என்பதை விட்டுவிட்டீர்கள். உங்கள் வீட்டில் ஒருவரைக் கடைசியாக ஒருமுறை காண முடியாமல் போனது நீங்கள்தான். அந்தப் பெயர் இப்போதைக்கு உங்களுடையது. மூன்று மாதக் குழந்தை எவரையும் தொலைக்கவில்லை.

இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. மூன்று மாதமாக ஒரு பெயருக்காக வீட்டையே எதிர்த்து நிற்கிறீர்கள். ஆனால், ஒருமுறைகூட அந்தப் பெயரைச் சொல்லிக் குழந்தையைக் கூப்பிடவில்லை. முடிவாகாத பெயர் என்று காரணம் சொல்கிறீர்கள். உங்கள் மாமியாரும் நாத்தனாரும் முடிவுக்காகக் காத்திருக்கவில்லையே? அறையில் நீங்களும் குழந்தையும் மட்டும் இருக்கும் பொழுதில், எண்ணெய் தேய்க்கும்போதோ துணி மாற்றும்போதோ, உங்களைத் தடுக்க யார் இருக்கிறார்கள்? அந்தப் பெயரை எடுத்தால் கூடவே அப்பாவின் குரலும் வந்துவிடும் என்று உங்கள் வாய்க்குத் தெரிந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் செய்தது தவறு. நல்ல எண்ணத்தில் செய்தார் என்பதை நம்புகிறேன். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லப்பட்ட மனைவியிடம் அந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அந்த ஒன்றரை நாள் அவரும் தவித்திருப்பார். இருந்தாலும், பெற்ற தந்தை இறந்தார் என்ற செய்தி மகளுக்கு உரியது. போக முடியாது என்பது ஒன்று. போக முடியாது என்று தெரிந்தே அந்த நேரத்தில் அழுதுகொண்டிருப்பது வேறொன்று. அந்த இரண்டாவதையும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. இதை உங்களுக்காக நான் தெளிவாகச் சொல்கிறேன். ஏனென்றால், "என் நன்மைக்காகத்தான்" என்று எழுதி அவருடைய தரப்பு வாதத்தையும் நீங்களே முடித்துவிட்டீர்கள். கோபப்பட உங்களுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. கோபத்துக்கு ஏதாவது ஒரு வாசல் வேண்டுமல்லவா? பாவம், 42 பெயர்களை அனுப்பிய நாத்தனார் அகப்பட்டார்.

மருத்துவமனையில் காரணம்கூடக் கேட்காமல் அவர் சரி என்றதை நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. ஒரு தகப்பன் தன் முதல் குழந்தையின் பெயரைக் கேட்டுவிட்டு ஏன், எதற்கு, என்ன பொருள் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்றால், அவர் பெயரைப் பார்க்கவில்லை, கடனைப் பார்த்திருக்கிறார். அந்த ஒரு "சரி"யில் பழைய கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். நீங்களும் தெரிந்தோ தெரியாமலோ அதே கணக்கைத்தான் வசூலிக்கப் பார்க்கிறீர்கள். அதனால்தான் அவர் ஆதிரை என்றதும் உங்களுக்கு அவ்வளவு கசந்தது. மணிமேகலையின் ஆதிரை ஒன்றும் சாமானியப் பெண் அல்லள். கப்பல் உடைந்து கணவன் கடலில் மாண்டான் என்று கேட்டுத் தீயில் இறங்கியும் தீ தீண்டாதவள். அந்தக் கணவன் உயிரோடு திரும்பி வரக் கண்டவள். அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள். வேறொரு நாளில் அந்தப் பெயரைக் கேட்டிருந்தால் உங்களுக்கே பிடித்திருக்கலாம். கடன் கொடுத்தவருக்குப் பாதித்தொகையை நீட்டியதுபோல் பட்டதால்தான் சமரசப் பெயர் என்று தள்ளிவிட்டீர்கள்.

மாமியாரைப் பற்றி ஒரு வரி. அவர் எல்லோர் முன்னிலையிலும் சிரித்திருக்க வேண்டாம். ஆனால், சொல்லைப் பொறுத்தவரை அவர் சொன்னது பிழையில்லை. அந்த மந்தி வேறு, இந்த மந்தி வேறு என்று நீங்கள் சொல்வது எடுபடாது. அதே குறுந்தொகையின் 69ஆம் பாட்டில், ஆண் குரங்கு இறந்தபின் தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடும் பெண் குரங்கின் பெயரும் மந்திதான். அங்கே அது எள்ளலுக்கு உரிய சொல் அன்று. இன்றைய பள்ளிக்கூடத்துக்கு அது தெரியாது, அவ்வளவுதான். கேலியைத் தாங்கிப் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்பதால், இந்தக் காரணத்துக்காக மட்டும் நான் உங்களைத் தடுக்க மாட்டேன்.

என் கருத்தைக் கேட்டால், இப்போது இந்தப் பெயரை வைக்காதீர்கள். வழக்கத்தில் இல்லாத பெயர் ஒரு வீட்டில் நிலைக்க வேண்டுமானால், அதை நாள் முழுக்கக் கூசாமல் கூப்பிட ஒருவராவது வேண்டும். ஆதிமந்திக்கு இன்று உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லை, நீங்கள் உட்பட. உங்கள் துக்கம் ஆறிய பிறகும் அந்தப் பெயரே வேண்டும் என்று தோன்றினால், அப்போது நான் உங்கள் பக்கம் நின்று மாமியாரோடு வாதாடத் தயார். உங்கள் தந்தையும் பேத்திக்கு இந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. அவர் செய்ததெல்லாம் ஒரு பாட்டை உரக்கப் படித்தது மட்டுமே.

ஆனால், காலவரையின்றித் தள்ளிப் போடுவதும் நல்லதன்று. 1995ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, நாலரை மாதக் குழந்தைகளே தம் பெயரின் ஓசையை அடையாளம் கண்டு, வேறு பெயர்களைவிட அதைக் கூடுதல் நேரம் கவனித்துக் கேட்டன என்று காட்டியது. உங்கள் குழந்தை அந்த வயதை எட்ட இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இப்போது அவள் காதில் ஆளுக்கொரு பெயர் விழுகிறது. எது தன்னுடையது என்று அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? நாத்தனாரோ மாமியாரோ அழைக்கும் பெயரை வெல்ல நீங்கள் சண்டை போட வேண்டியதில்லை. அம்மாவின் வாயிலிருந்து அதிகமுறை வருகிற பெயரே பெரும்பாலும் வீட்டில் தங்கும்.

பின்னிரவில் விழித்துக்கொள்வதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராமல் இருப்பதை, பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் மருத்துவர்கள் அலட்சியப்படுத்த மாட்டார்கள். அடுத்த முறை குழந்தையைக் காட்டப் போகும்போது உங்களைப் பற்றியும் சொல்லுங்கள். அதற்குள் மனம் மேலும் சோர்ந்தால் அதுவரை காத்திருக்காமல் உடனே போய்ப் பாருங்கள்.

ஆறு வாரத்துக்குள் கணவரிடம் ஒருநாள் பேசுங்கள். பெயரைப் பற்றி அன்று ஒரு வார்த்தையும் வேண்டாம். அப்பா இறந்த செய்தி அவருக்கு எத்தனை மணிக்கு வந்தது, யார் சொன்னார்கள், அப்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்களா, அவர் இறுதிக்குப் போனாரா, போயிருந்தால் அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் பதில் சொல்லத் திணறுவார். பொறுங்கள், எழுந்து போக விடாதீர்கள். அது முடிந்தபின் ஒரு நாள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, குறுந்தொகையை எடுத்து 31ஆம் பாட்டை உங்கள் அப்பா படித்ததைப்போல் உரக்கப் படியுங்கள். பாதியில் குரல் உடைந்தால் நிறுத்திவிட்டு மறுபடியும் முதலடியிலிருந்து தொடங்குங்கள். கணவரும் பக்கத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்