தள்ளுபடி நாத்தனாருக்கு, வட்டி உங்களுக்கு

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): நானும் கணவரும் செந்தூலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்குச் சம்பளம் 2,900 ரிங்கிட், அவருக்கு 3,400. இரண்டு பிள்ளைகள். ஈப்போவில் இருக்கும் நாத்தனார் குடும்பம் பள்ளி விடுமுறை, தீபாவளி, வருஷக் கடைசி என்று வரும்போதெல்லாம் எல்லாரும் சேர்ந்து கெந்திங் அவுட்லெட்டுக்குப் போவோம். 50, 70 விழுக்காடு தள்ளுபடி கிடைப்பதால் வருஷத்துக்கு வேண்டிய துணிமணியை அங்கேயே வாங்கிவிடுகிறேன். வெளியில் வாங்குவதைவிட மிச்சம்தான் என்கிறேன் நான். இல்லவே இல்லை என்கிறார் கணவர். இப்போது என் இரண்டு கிரெடிட் கார்டிலும் சேர்த்து 9,400 ரிங்கிட் பாக்கி. மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டுகிறேன். இதில் நாத்தனாருக்காக நான் போட்டது 5,600 இருக்கும். டிசம்பரில் மறுபடியும் வருகிறார்கள். கார்டு நிரம்பிவிட்டது என்றேன். "பே லேட்டர் ஆப்ல போட்டுடுங்க அண்ணி, அதுக்கு வட்டியே இல்ல" என்கிறார். போடலாமா? அவுட்லெட்டில் வாங்குவது லாபமா, நட்டமா?

பதில்: சகோதரி, போடாதீர்கள். அந்த பே லேட்டர் கணக்கைத் திறக்கவே வேண்டாம். அவுட்லெட் லாபமா நட்டமா என்பதற்கும் பதில் சொல்கிறேன், ஆனால் உங்கள் வீட்டில் பணம் கரைவது அவுட்லெட்டால் மட்டும் இல்லை.

கடிதத்தோடு படம் பிடித்து அனுப்பிய ஸ்டேட்மெண்ட்டை எடுத்துப் பாருங்கள். தீபாவளிக்கு முந்திய வாரம், ஒரே நாளில் நான்கு வரிகள். 458, 540, 189, 199. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீல மையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "அவங்க பையன்கள் ஷூ 2", "அவங்க பேக், ஒரிஜினல் 1,200!", "அவங்க வீட்டுக்காரர் சட்டை", "என் பிளவுஸ்". மொத்தம் 1,386 ரிங்கிட். உங்களுக்கென்று வாங்கியது கடைசி வரி மட்டும்தான்.

1,200 ரிங்கிட் கைப்பை 540-க்குக் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சமான 660 யாருக்கு? நாத்தனாருக்கு. அந்த 540-க்கு மாதாமாதம் வட்டி ஏறுவது யார் பெயரில்? உங்கள் பெயரில். தள்ளுபடி பெரிதாகப் பெரிதாக "இதை விட்டால் கிடைக்காது, இப்போதைக்கு உங்கள் கார்டில் போடுங்கள்" என்று கேட்பதும் சுலபமாகிவிடுகிறது. நீங்கள் மறுப்பதும் கஷ்டமாகிவிடுகிறது. அவுட்லெட் உங்களுக்குச் செய்யும் பெரிய கெடுதல் இதுதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிரெடிட் கார்டு வட்டிக்கு நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அடுக்கு வைத்திருக்கிறது. 12 மாதமும் மினிமத்தையாவது தவறாமல் கட்டுகிறவருக்கு அதிகபட்சம் 15 விழுக்காடு, 10 மாதமாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18. இந்த வருஷம் மூன்று முறை தேதி தவறிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்களுக்கு 18, அதாவது மாதத்துக்கு ஒன்றரை விழுக்காடு. 9,400-க்கு மாத வட்டி ஏறக்குறைய 141 ரிங்கிட். நீங்கள் கட்டும் மினிமம் 5 விழுக்காடு, அதாவது 470. அதில் 141 வட்டிக்குப் போக, அசலில் குறைவது 329. அதே மாதத்தில் சாமான், பெட்ரோல் என்று கார்டில் 300 தேய்க்கிறீர்கள். பாக்கி ஏன் அசையவே மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தீர்களே, இதனால்தான்.

இனி ஒரு ரிங்கிட்கூடத் தேய்க்காமல், ஆனால் வங்கி கேட்கும் மினிமத்தை மட்டுமே கட்டிக்கொண்டு வந்தால்? பாக்கி குறையக் குறைய மினிமமும் குறைந்துகொண்டே போகும், கார்டுக்கு 50 ரிங்கிட்டில் வந்து நிற்கும். முழுதும் அடைய ஏறக்குறைய ஐந்தரை வருஷம், வட்டி மட்டும் சுமார் 3,500 ரிங்கிட். அந்தப் பையன்கள் இன்று போட்டிருக்கும் ஷூ அப்போது அவர்கள் காலில் இருக்காது.

பலர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டேட்மெண்ட் வந்து 20 நாளுக்கு வட்டி இல்லை என்ற சலுகை, முந்தைய பாக்கியை முழுதாகக் கட்டியவருக்குத்தான். பாக்கி வைத்திருக்கும் உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. புதிதாக வாங்கும் ஒவ்வொன்றுக்கும், பதிவான நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். நாத்தனார் "சம்பளம் வந்ததும் தந்துவிடுகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி தந்தாலும் அந்த மாத வட்டி உங்களுடையதுதான். அவருடைய 5,600 பங்குக்கு மட்டும் நீங்கள் மாதம் 84 ரிங்கிட் கட்டுகிறீர்கள். வருஷத்துக்கு ஆயிரம். கேட்டால் அவருக்கே தூக்கிவாரிப்போடும், ஏனென்றால் இந்தத் தொகையை யாரும் அவருக்குச் சொன்னதே இல்லை.

இனி அவுட்லெட். கெந்திங்கில் 2017-இல் திறந்தார்கள், அதற்கு முன் 2015-இல் சிப்பாங்கில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மிட்சுய் அவுட்லெட் வந்தது. இரண்டும் நகரத்தை விட்டுத் தள்ளித்தான் இருக்கின்றன. நகரத்துக் கடையில் முழு விலைக்கு விற்பதை, அதன் பக்கத்திலேயே பாதி விலைக்கு விற்க எந்த பிராண்டும் விரும்பாது. தள்ளி இருப்பதில் கடைக்காரருக்கு இன்னொரு வசதியும் உண்டு. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப யாருக்கும் மனம் வராது. டோல், பெட்ரோல், பார்க்கிங், எல்லாருக்கும் சாப்பாடு என்று ஒரு பயணத்துக்கு 180 ரிங்கிட் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் வாங்கும் மூன்று நான்கு பொருளில் வரும் மிச்சம் அதற்கே போய்விடும்.

விலைச்சீட்டில் அடித்துப் போட்டிருக்கும் "அசல் விலை"யையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். போன பருவத்தில் விற்காமல் மிஞ்சிய சரக்கும் அவுட்லெட்டில் இருக்கும், அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தைத்த சரக்கும் இருக்கும். இரண்டாவது வகை நகரத்துக் கடைக்கு வந்ததே இல்லை. அப்படியிருக்க அதற்கு ஏது அசல் விலை? இந்தப் பிரச்சினைக்காக 2014-இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் நால்வர் அங்குள்ள வணிக ஆணையத்துக்குக் கடிதம் எழுதி விசாரிக்கச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு, அவுட்லெட் விலைச்சீட்டில் போட்ட ஒப்பீட்டு விலை பற்றிய வழக்கில் மைக்கேல் கோர்ஸ் நிறுவனம், தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே, 4.8 மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதற்காக இங்குள்ள கடைகள் எல்லாம் ஏமாற்றுகின்றன என்று சொல்ல வரவில்லை. அடித்த விலையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சரிபார்ப்பது கஷ்டமும் இல்லை. ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் சிறு சீட்டில் மாடல் எண் இருக்கும். உடுப்பு என்றால் விலைச்சீட்டிலோ உள்தையலிலோ இருக்கும். அலமாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே அதைப் போனில் தட்டித் தேடுங்கள். பிராண்டின் சொந்த இணையக் கடையிலும் மற்ற கடைகளிலும் இன்று அது என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். அந்த விலைக்கும் கையில் இருக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் மிச்சம். 459 அடித்து 229 போட்டிருக்கும் ஷூ, நகரத்துத் தள்ளுபடிக் காலத்தில் 299-க்குக் கிடைக்கும் என்றால் நீங்கள் மிச்சப்படுத்தியது 70, 230 இல்லை. மாடல் எண் எங்குமே அகப்படவில்லை என்றால் அது அவுட்லெட்டுக்கென்றே செய்த சரக்காக இருக்கலாம். தரம் பிடித்திருந்தால் வாங்கலாம், பாதி விலைக்குக் கிடைத்தது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

ஆக, உங்கள் வீட்டு வாதத்தில் இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. வளர்ந்த ஆளுக்கு விளையாட்டு ஷூ, வேலைக்குப் போட்டுக்கொள்ளும் சட்டை, பயணப் பெட்டி போன்றவற்றை எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அளவும் தேவையும் தெரிந்து, கையில் இருக்கும் காசுக்கு வாங்கும்போது அவுட்லெட்டில் உண்மையிலேயே மிச்சம் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு அடுத்த வருஷ அளவில் வாங்கி வைப்பது வேண்டாத வேலை. பாக்கி நிற்கும் கார்டில் வாங்கினால் எந்தத் தள்ளுபடியும் பயன்படாது.

பே லேட்டருக்கு வருகிறேன். இப்போது வாங்கிப் பிறகு தவணையில் கட்டும் ஏற்பாடு அது. தவணை தவறாமல் கட்டினால் வட்டி இல்லை என்பது சில ஆப்களில் உண்மைதான். தவறினால் தாமதக் கட்டணம். உங்களிடம் மாதாமாதம் பணம் மீதி இருந்தால் அந்தத் தவணையைக் கட்டலாம், ஆனால் மூன்று முறை மினிமத்தையே தவறவிட்டவர் நீங்கள். இன்னொன்று: வருஷ வருமானம் 36,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவர் இரண்டு வங்கிகளின் கார்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஒவ்வொரு வங்கியிலும் கடன் வரம்பு மாதச் சம்பளத்தைப் போல் இரு மடங்கைத் தாண்டக் கூடாது என்று பேங்க் நெகாரா 2011-இல் விதி கொண்டுவந்தது. உங்கள் வருமானம் 34,800. அந்த விதி இருப்பதால்தான் உங்கள் கார்டுக் கடன் 11,600-ஐத் தாண்ட முடியாமல் நிற்கிறது. அந்த வேலியைத் தாண்ட ஒரு ஆப் வழி காட்டுகிறது என்பதற்காகத் தாண்டிவிடாதீர்கள். அதுவும் மற்றவர் வீட்டுச் செலவுக்காக.

அப்படியானால் என்ன செய்வது? முதல் வேலை உங்களுடையது இல்லை, உங்கள் கணவருடையது. தங்கைக்கு அவர்தான் போன் பண்ண வேண்டும். அண்ணி கேட்டால் "கணக்குப் பார்க்கிறாள்" என்று ஆகிவிடும், அண்ணன் கேட்டால் குடும்பப் பேச்சு. சுற்றி வளைக்காமல் இரண்டு விஷயம் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். இனி எங்கள் கார்டில் யாருக்கும் எதுவும் போட முடியாது. இருக்கும் 5,600-க்கு மாதம் 300 அனுப்பு, வட்டியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வட்டியை விட்டுக்கொடுப்பதில் எனக்கு மனமில்லைதான், ஆனால் உறவு முறியாமல் அசல் திரும்பி வர இதுதான் வழி. டிசம்பரில் அவர்கள் வரட்டும், வீட்டில் ஆக்கிப் போடுங்கள், பத்துமலைக்குப் போய் வாருங்கள். அவுட்லெட் இந்த முறை வேண்டாம்.

நாத்தனாரின் 300-ஐ நம்பித் திட்டம் போட வேண்டாம், வந்தால் கூடுதல். உங்கள் கையில் இருப்பதையே திரட்டுவோம். இப்போது கட்டும் 470-ஐ, வங்கி குறைத்துக் கேட்டாலும் குறைக்காதீர்கள். தோழி சொன்னார் என்று தங்க ஆப்பில் மாதம் போடும் 200-ஐ நிறுத்துங்கள். தங்கம் ஏறலாம், இறங்கலாம், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் ஆப் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கார்டு 18 விழுக்காடு கேட்பது மட்டும் நிச்சயம். நிச்சயமான நட்டத்தை வைத்துக்கொண்டு நிச்சயமில்லாத லாபத்தைத் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவுட்லெட்டில் உங்கள் வீட்டுக்கென்று வருஷம் 1,500 சொச்சம் செலவாகிறது என்றீர்கள், அதை நிறுத்தினால் மாதம் 130. மூன்றும் சேர்ந்து 800. சாமானுக்கும் பெட்ரோலுக்கும் டெபிட் கார்டு அல்லது ரொக்கம். மாதம் 800 கட்டினால் 13 மாதத்தில் கடன் முடியும், மொத்த வட்டி ஆயிரத்தை ஒட்டித்தான் வரும். நாத்தனாரின் 300-ம் வந்தால் ஒன்பது பத்து மாதத்திலேயே முடிந்துவிடும்.

இபிஎஃப் சேமநிதியில் எப்போதும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்கில் இருக்கும் 1,900-ஐ எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2024-க்கு இபிஎஃப் கொடுத்த ஈவு 6.3 விழுக்காடு, கார்டு எடுப்பது 18. கணக்கு எடுக்கத்தான் சொல்கிறது. நான் மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறேன். மூன்று மாதம் இரண்டு கார்டிலும் ஒரு புது வரிகூட விழவில்லை என்றால் எடுத்துக் கட்டுங்கள். பழக்கம் நிற்காமல் எடுத்தால், ஓய்வுக்காலப் பணமும் போகும், கார்டும் மறுபடி நிரம்பும்.

தீபாவளிக் கூட்டு (சீட்டு) எடுத்துக் கடனை அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கூட்டு நடத்துவது 1971-ஆம் ஆண்டிலிருந்தே சட்டப்படி குற்றம், பணம் போனால் கேட்பதற்கு ஆள் கிடையாது. வட்டி முதலைகள் பக்கம் திரும்பியும் பார்க்க வேண்டாம். எப்போதாவது மினிமமும் கட்ட முடியாமல் போனால் நேராக ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போங்கள். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது, ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள், வங்கிகளோடு அவர்களே பேசித் தவணையை மாற்றி அமைத்துத் தருவார்கள்.

இரண்டு கார்டில் ஒன்றில் 4,900, மற்றதில் 4,500 இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வட்டிதான். 4,900-க்கு மினிமத்தை மட்டும் கட்டிவிட்டு, மிச்சம் முழுவதையும் 4,500-இல் போடுங்கள். அது முடிந்த அன்றே வங்கிக்குப் போன் செய்து கார்டை மூடிவிடுங்கள், வருஷத்துக்கு 25 ரிங்கிட் சேவை வரியும் மிச்சம்.