படிக்கும்போது மூளையில் என்னதான் மாறுகிறது? அதில் ரிசெப்டார்களுக்கு என்ன வேலை?

மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்துகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான்.

ஒரு நரம்பு செல் அடுத்ததோடு பேசும் இடம் சினாப்ஸ். முதல் செல் குளுட்டமேட் என்ற ரசாயனத்தை விடும். எதிர்ச் செல்லின் மேலிருக்கும் ரிசெப்டார் அதைப் பிடித்துக்கொள்ளும். அவற்றில் ஆம்பா ரிசெப்டார் எளிமையானது. குளுட்டமேட் வந்து ஒட்டியதும் திறந்து சோடியத்தை உள்ளே விடும். அன்றாடச் செய்திப் போக்குவரத்தைப் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பக்கத்திலேயே இருக்கும் என்எம்டிஏ ரிசெப்டார்தான் விசேஷம். குளுட்டமேட் ஒட்டினால் மட்டும் அதற்குப் போதாது. துளைக்குள் ஒரு மெக்னீசியம் அயனி தக்கைபோல் செருகியிருக்கும். எதிர்ச் செல்லும் அதே நேரத்தில் நன்றாகத் தூண்டப்பட்டிருந்தால்தான் மின்னழுத்தம் மாறி அந்தத் தக்கை கழலும். அனுப்புகிற செல்லும் வாங்குகிற செல்லும் ஒரே நேரத்தில் விழித்திருந்தனவா என்று இந்த ஒற்றை ரிசெப்டார் சோதித்துவிடுகிறது! மெக்னீசியத்தின் இந்த வேலை 1984-இல் தெரியவந்தது. எத்தனை முறை நடத்தினாலும் இந்த இடம் வரும்போது எனக்குச் சிலிர்க்கும்.

தக்கை கழன்றதும் கால்சியம் உள்ளே பாயும். அது சில நொதிகளைத் தூண்ட, மேலும் பல ஆம்பா ரிசெப்டார்கள் அங்கே வந்து சேரும். அப்புறம் அதே அளவு குளுட்டமேட்டுக்கே பெரிய பதில் கிடைக்கும், அதாவது சினாப்ஸ் வலுவாகும். கால்சியம் கொஞ்சமாக, நெடுநேரம் கசிந்தால் இதற்கு நேர்மாறு. ஆம்பா குறைந்து சினாப்ஸ் பலவீனமாகும்.

சரி, இதற்கும் கற்றலுக்கும் சம்பந்தம் உண்டு என்று எப்படித் தெரியும்? 1986-இல் நரம்பியல் ஆய்வாளர் ரிச்சர்ட் மோரிஸ் குழுவினர் எலிகளின் மூளையில் ஏபி5 என்ற மருந்தைச் செலுத்தி என்எம்டிஏவை அடைத்தார்கள். கலங்கிய தண்ணீருக்கடியில் மறைந்திருந்த, நீந்திக் கண்டுபிடிக்க வேண்டிய மேடை எங்கே என்பதை அந்த எலிகளால் சரியாகக் கற்க முடியவில்லை. கண்ணால் பார்த்து வேறுபாடு அறியும் பயிற்சியையோ அவை கற்றுக்கொண்டன.

என்எம்டிஏ முடங்கினால் நினைவு பாதிக்கப்படுவதை மனிதர்களிலும் பார்க்கிறோம். உடலின் எதிர்ப்பொருள்களே (ஆன்டிபாடி) என்எம்டிஏ ரிசெப்டார்களைக் குறிவைக்கும் மூளையழற்சியை 2007-இல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவ் குழு விவரித்தது. இளம்பெண்களுக்கு அதிகம் வருகிறது. மனநோய்போலத் தொடங்குவதால் காரணம் பிடிபடத் தாமதமாகிறது. அதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. எதிர்ப்பொருள் ஒட்டிய ரிசெப்டார்களைச் செல் உள்ளே இழுத்துக்கொள்ளும். சிகிச்சையில் எதிர்ப்பொருள் குறைந்தால் அவை மீண்டும் மேலே வரும். பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். ஆனால் நோயில் கிடந்த அந்த வாரங்களைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலோருக்கு ஒன்றுமே ஞாபகம் இருப்பதில்லை.