கணினி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைப் பற்றிய ஆவணங்களைத் தேடுவதற்காக, நண்பர்கள் சிலர் சேர்ந்து, ஜாவா மொழியில் அமைந்த லூசீன் என்ற தேடல் நிரலகத்தின் மீது ஒரு சிறு நிரல் தொகுப்பை எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டுள்ளோம். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சி பற்றிய ஆவணங்கள், அந்தத் தேதியைக் கொடுத்துத் தேடினால் வருவதில்லை. ஜூலை 9 என்று கொடுத்தால் வருகின்றன. இண்டெக்ஸில் (தேடலுக்கான அட்டவணையில்) ஏற்றும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டால் போதும் என்று ஒருவர் திருத்தம் அனுப்பியிருக்கிறார். அதை ஏற்கலாமா?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: ஏற்க வேண்டாம். தங்கள் நிரல், ஆவணத்தின் தேதியை ஆசியா/கொல்கத்தா (கணினியில் இந்திய நேரத்துக்கு உள்ள பெயர்) நேர மண்டலத்தின் நள்ளிரவாக மாற்றி, அதை லூசீனில் தேதிகளைத் தேடத்தக்க சரமாக்கும் டேட்டூல்ஸ் வகுப்பிடம் கொடுத்து, நாள் அளவுக்குச் சுருக்கச் சொல்கிறது என்று தங்கள் கேள்வியிலிருந்து ஊகிக்கிறேன். டேட்டூல்ஸ் எப்போதும் கிரீன்விச் நேரத்திலேயே கணக்கிடும். நமக்கு நள்ளிரவாக இருக்கும்போது அங்கே முந்தைய நாள் மாலை என்பதால், சுருக்கியபின் எஞ்சுவது 18060709, அதாவது 1806 ஜூலை 9.

இதில் லூசீனைக் குறை சொல்வதற்கு இடமில்லை. இயங்கும் கணினியின் உள்ளூர் நேரத்தை அது எடுத்துக்கொண்டிருந்தால், வேலூரில் உருவாக்கிய இண்டெக்ஸை வெளிநாட்டுச் சர்வரில் வைத்துத் தேடும்போது விடைகள் மாறிப்போயிருக்கும்.

ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் இன்றைய ஆவணங்கள் சரியாகிவிடும். தாங்கள் பெரிதும் மதிக்கும் அந்த 1806 ஆவணங்கள் சரியாகா. இந்திய நேரம் என்று இன்று நாம் சொல்வது 1906 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. கணினிகள் நேரக் கணக்குக்குப் பார்க்கும் நேர மண்டலத் தரவுத்தளம் அதற்கு முற்பட்ட காலத்துக்குப் பழைய உள்ளூர் நேரங்களையே வைத்திருக்கிறது. 1854க்கு முன்பு கிரீன்விச்சிலிருந்து கொல்கத்தாவின் வித்தியாசம் 5 மணி 53 நிமிடம் 28 விநாடி. ஜாவாவின் புதிய தேதி வகுப்புகள் இதை அப்படியே பின்பற்றுவதால், 1806 ஜூலை 10 நள்ளிரவு என்பது கிரீன்விச் கணக்கில் ஜூலை 9 மாலை 6 மணி 6 நிமிடம் 32 விநாடி ஆகிறது. அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் இரவு 11.36தான் வரும், தேதி இன்னும் 9ஆம் தேதியாகவே நிற்கும். உலகப் போர்க் காலத்திலும் இதே தொல்லை உண்டு: 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை நம் கடிகாரம் கிரீன்விச்சைவிட ஆறரை மணி நேரம் முன்னே ஓடியதால், அந்த ஆண்டுகளின் ஆவணங்களும் ஒரு நாள் பின்தங்கியே கிடக்கும். சில ஆண்டுகளுக்கு மட்டும் சரியாகி, மற்றவற்றில் ஓசையின்றித் தவறும் திருத்தம், பழைய பிழையைவிட ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து.

ஆவணத்தில் எழுதப்பட்டிருப்பது ஒரு நாள் மட்டுமே. அதற்கு மணியும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. ஆகவே நாளை மட்டும் வைத்திருக்கும் ஜாவாவின் லோக்கல்டேட் வகையில் அதைப் பெற்று, 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்படும் நாள் எண்ணாக மாற்றி, லூசீனில் முழு எண்களுக்கான லாங்பாயிண்ட் புலத்தில் வையுங்கள். 1806 ஜூலை 10க்கு அந்த எண் -59710. எதிர்மறை எண்ணைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. லூசீனின் தொடக்க காலத்தில் இருந்த டேட்ஃபீல்டு வகுப்பு 1970க்கு முந்தைய நாட்களை ஏற்காது. லாங்பாயிண்ட்டோ எதிர்மறை எண்களையும் சரியான வரிசையில் வைக்கிறது.

நாள் தெரியாமல் ஆண்டு மட்டும் உள்ள ஆவணங்களுக்கு ஜனவரி 1 என்று இட்டு நிரப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதைச் செய்யாதீர்கள், அது ஆவணத்தில் இல்லாத ஒன்றை எழுதிச் சேர்ப்பதாகும். அந்த ஆண்டின் முதல் நாளையும் கடைசி நாளையும் இரு எல்லைகளாகக் கொண்டு, எண் வீச்சுகளுக்கான லாங்ரேஞ்ச் புலத்தில் வைத்தால், 1806 ஜூலை என்று தேடுபவருக்கும் அந்த ஆவணம் கிடைக்கும்.

திருத்தத்தை ஏற்பதற்கு முன், தவறுவதைக் காட்டும் சோதனையை முதலில் எழுதுங்கள். 1806, 1870, 1906, 1943 ஆகிய ஆண்டுகளிலும் இன்றைய ஆண்டிலும் ஒவ்வொரு தேதி அதில் இருக்கட்டும். லூசீனின் சொந்தச் சோதனைக் கட்டமைப்பு ஒவ்வொரு முறையும் நேர மண்டலத்தையும் மொழி அமைப்பையும் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து ஓடுகிறது. தோற்றால் அதே சூழலை மீண்டும் உருவாக்குவதற்கான எண்ணையும் அச்சிட்டுத் தருகிறது. தங்கள் தொகுப்பும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நிரலைத் திருத்தியபின் இண்டெக்ஸை முழுவதுமாக அழித்து, மூல ஆவணங்களிலிருந்து மீண்டும் உருவாக்குங்கள். புதிய ஆவணங்களை மட்டும் புதிய முறையில் சேர்த்தால், பழையவை 18060709 என்ற எழுத்துச் சரமாகவும் புதியவை நாள் எண்ணாகவும் தங்கிவிடும். பிறகு நாள் எண்ணைக் கொண்டு தேடும்போது பழைய ஆவணங்கள் ஒன்றுகூட அகப்படா.