அந்த இ.பி.எஃப் படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம், அக்கா

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேச நீங்களும் மகளும் உங்கள் தம்பியும் வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீங்கள் கண் கலங்கியதும் "கவலைப்படாதீங்கக்கா, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கள் தம்பி விட்டுப்போன ஏஜெண்டின் தாளை ராத்திரி மறுபடி படித்தேன். மகளுக்கு வெளிநாட்டில் மருத்துவப் படிப்பு, மூன்றரை லட்சம் வெள்ளி (ரிங்கிட்), சாப்பாடும் விமான டிக்கெட்டும் தனி. இதற்கு உங்கள் இ.பி.எஃப் சேமநிதிப் பணம், தாமான் வீட்டின் மேல் கடன், மீதியை உறவுக்காரர்கள் பார்த்துச் செய்வார்கள். உறவுக்காரர்கள் பார்ப்பார்கள், அது நிச்சயம். செய்வார்களா என்பதுதான் கேள்வி.

இது வேண்டாம் என்று அன்றே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். சுங்கை சிப்புட்டில் இதே தாளை வைத்துக்கொண்டு தூங்காமல் இருக்கும் வீடுகள் வேறும் இருக்கும். அதனால் பெயர் போடாமல் பொதுவிலேயே எழுதுகிறேன்.

டாக்டர் படிப்பை நான் மட்டம் தட்டவில்லை. ஆனால் "டாக்டர் ஆனால் அரசாங்க வேலை கையில்" என்று உங்கள் தம்பி சொன்னாரே, அது பழைய கதை. மலேசியாவில் 2016 கடைசியிலிருந்து புதிதாக அரசாங்கத்தில் சேரும் டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26 அன்று அந்த ஒப்பந்த டாக்டர்கள் மருத்துவமனை வாசலில் வந்து நின்றதை நாமெல்லாம் செய்தியில் பார்த்தோம். அவர்கள் ஆசைப்பட்டுப் படித்தவர்கள். உங்கள் மகளுக்கு அந்த ஆசையும் இல்லை. "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் மாமாதான் பதில் சொன்னார்.

அவர் போன் பேச வெளியே போன பத்து நிமிடத்தில்தான் அவள் வாய் திறந்தாள். கோயில் திருவிழா உபயக்காரர்கள் பட்டியலை எக்செலில் தட்டிக் கொடுத்தாளாம். இளையவர்களின் அடையாள அட்டை எண் மட்டும் ஓர் இலக்கம் குறைந்தே வந்ததாம். ஏன் என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். அவள் 2007இல் பிறந்தவள், எண் 07 என்று தொடங்கும். எக்செல் அதைக் கணக்கு எண் என்று நினைத்து முன்னாலிருக்கும் பூஜ்ஜியத்தைத் தின்றுவிடுகிறது. உங்கள் எண்ணைப் போன்ற பன்னிரண்டு இலக்கத்தையோ 8.5 என்று ஏதோ போட்டு 'ஈ பிளஸ் 11' என்று சுருக்கிக் காட்டுகிறது. அதை அப்படியே சி.எஸ்.வி கோப்பாக, அதாவது கமாவால் பிரித்த வெறும் உரைக்கோப்பாக, சேமித்தால் பின்னால் உள்ள இலக்கங்கள் போனது போனதுதான். இதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்தீர்களா? பயாலஜியைப் பற்றிப் பேசும்போது அந்த முகம் இல்லை.

மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், ஆசிரியர் பயிற்சி பற்றியெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊரில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். யாரும் சொல்லாத ஒரு வேலையைச் சொல்கிறேன்.

உங்கள் அப்பா பால்மரம் சீவிய காலத்தில் விடியற்காலை பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, நடக்கும். தோட்டக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிட்டுப் புத்தகத்தில் குறிப்பார். அந்தக் குறி விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. வேலை வாங்கும் தண்டலைவிட கிராணிக்குப் பயந்தவர்கள் உண்டு. இன்று அந்தப் புத்தகம் டேட்டாபேஸ், அதாவது கணினியில் உள்ள தரவுத்தளம், ஆகிவிட்டது. செம்பனை ஆலையின் எடை மேடையில் ஏறும் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு வரி. நீங்கள் வேலை செய்யும் தொழிற்சாலை ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் உங்கள் இ.பி.எஃப் சந்தாவைக் கட்டுகிறதே, அதில் நீங்கள் ஒரு வரி. இப்படி ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் வரிகள் வெறும் உரைக்கோப்பாக ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகின்றன. அவற்றை மொத்தமாக, ஒன்றும் சிந்தாமல் டேட்டாபேஸுக்குள் ஏற்ற ஒருவர் வேண்டும். 'டேட்டா இன்ஜினியர்', 'டேட்டாபேஸ் நிர்வாகி', 'இ.டி.எல் டெவலப்பர்' என்று விளம்பரத்தில் எந்தப் பெயரில் வந்தாலும் அந்த வேலைகளில் இது பெரிய பங்கு. வங்கி, காப்புறுதி, மருத்துவமனை, தோட்ட நிறுவனம், எல்லாருக்கும் இது வேண்டும்.

"ஏற்றுவது ஒரு பெரிய வேலையா?" என்று உங்கள் தம்பி கேட்பார். கட்டளை சின்னதுதான், டேட்டாபேஸ் மென்பொருளுக்கு ஒன்று. போஸ்ட்கிரெஸில் 'காப்பி', மை எஸ்.க்யூ.எல்லில் 'லோட் டேட்டா', மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல் சர்வரில் 'பல்க் இன்சர்ட்', ஆரக்கிளில் 'எஸ்.க்யூ.எல் லோடர்'. ஒவ்வொரு வரியாக நுழைப்பதைவிட மொத்தமாக ஏற்றுவது சாதாரணமாக 20 மடங்கு வேகம் என்று மை எஸ்.க்யூ.எல்லின் கையேடே சொல்கிறது. பெரிய அட்டவணையாக இருந்தால், சீக்கிரம் தேட உதவும் இண்டெக்ஸை முதலில் எடுத்துவிட்டு, ஏற்றி முடித்த பிறகு திரும்பக் கட்டுவார்கள். இதெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

கஷ்டம் கோப்புக்குள் இருக்கிறது. நம்மூர் முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள்: எண் 12, ஜாலான் இன்னது, தாமான் இன்னது. நடுவே இரண்டு கமா. கமாவால் பிரிக்கப்பட்ட கோப்பில் இந்த முகவரியை மேற்கோள்குறிக்குள் அடைக்காமல் விட்டால் ஒரு நெடுவரிசை மூன்றாகி, தாமான் பெயர் போன் நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் போய் உட்காரும். நம் பெயர்களில் வரும் அ/லெ (இன்னாரின் மகன்), அ/பெ (இன்னாரின் மகள்) இன்னொரு கூத்து. ஒரு கோப்பில் சாய்கோட்டோடு, இன்னொன்றில் இடைவெளியோடு, மூன்றாவதில் மலாயில் 'அனாக் லெலாக்கி' என்று முழுசாக. மூன்றும் ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரியாது. விண்டோஸில் எழுதிய கோப்பை லினக்ஸில் ஏற்றினால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். தமிழ்ப் பெயர்களை யூ.டி.எஃப் 8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்காவிட்டால் வெறும் கேள்விக்குறியாக நிற்கும். தேதி எல்லாவற்றையும்விட மோசம். 25/12 என்றால் மாதத்தை முதலில் படிக்கும் அமெரிக்க முறை உடனே கத்திவிடும். 03/04 என்றால் கத்தாது. ஏப்ரல் 3, மார்ச் 4 ஆகி உள்ளே போய்விடும், யாருக்கும் தெரியாது.

பிழை வந்தால் ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். போஸ்ட்கிரெஸ் சாதாரணமாக ஒரு வரி கெட்டாலும் முழுக் கோப்பையும் திருப்பி அனுப்பிவிடும். ஆரக்கிளின் லோடர் கெட்ட வரிகளைத் தனிக் கோப்பில் ஒதுக்கி வைக்கும். மை எஸ்.க்யூ.எல்லில் 'லோக்கல்' என்று போட்டு ஏற்றினால் பல பிழைகளை வெறும் எச்சரிக்கையாக முணுமுணுத்துவிட்டு மேலே போய்விடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் நேராக உண்மையான அட்டவணையில் கொட்டமாட்டார்கள். எல்லா நெடுவரிசையையும் வெறும் எழுத்தாக ஏற்கும் ஒரு தற்காலிக அட்டவணையில் முதலில் இறக்கி, முறத்தில் புடைப்பது மாதிரி புடைத்து, நின்றதை மட்டும் உள்ளே சேர்ப்பார்கள். அப்புறம் கோப்பில் எத்தனை வரி, உள்ளே எத்தனை, ஒதுங்கியது எத்தனை என்று கூட்டிப் பார்ப்பார்கள். கணக்கு இடித்தால் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

இதைக் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. முன்பு நான் ஓர் அலுவலகத்தில் இருந்தபோது உறுப்பினர் பட்டியலை அவசரத்தில் இரண்டு முறை ஏற்றிவிட்டேன். ஒரே எண் இரண்டு முறை வர விடாத பிரைமரி கீ என்று ஒன்றை வைத்திருந்தால் அதுவே தடுத்திருக்கும், நான் வைக்கவில்லை. எல்லாருக்கும் இரண்டிரண்டு கடிதம் போனது. உங்கள் மகள் மாதிரி ஒருத்தி பக்கத்தில் இருந்திருந்தால் அன்று நான் பேச்சு வாங்கியிருக்கமாட்டேன்.

இனி பணம். இதில் நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை. பாலிடெக்னிக்குகளில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா இருக்கிறது. கட்டணம் செமஸ்டருக்குச் சில நூறு வெள்ளிதான். பாலிடெக்னிக் என்றதும் உங்கள் தம்பி உதட்டைப் பிதுக்கினார். பக்கத்தில் ஈப்போவில் இருக்கும் உங்கு ஓமார் 1969இல் தொடங்கியது, நாட்டின் முதல் பாலிடெக்னிக், அவர் வயதைவிட மூத்தது. டிப்ளோமா முடித்து நல்ல மதிப்பெண் இருந்தால் பட்டப்படிப்புக்குப் போக வழி உண்டு. அப்போதும் வீட்டை அடமானம் வைக்கவேண்டி வராது. கற்றுக்கொள்ள வேண்டிய மென்பொருளோ இலவசம். போஸ்ட்கிரெஸுக்கும் எஸ்.க்யூ.லைட்டுக்கும் ஒரு காசு கிடையாது, பழைய லேப்டாப் போதும். இதற்கென்று ஆயிரக்கணக்கில் வாங்கும் மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பு எதிலும் இப்போது சேர்க்காதீர்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் சம்பளம் பெரிதாக இருக்காது. வேலை கோலாலம்பூரிலோ பினாங்கிலோ கிடைக்கலாம், சுங்கை சிப்புட்டில் கிடைக்காது. கட்டளை எழுதுவதை இப்போது ஏ.ஐயும் செய்கிறது, அது உண்மை. ஆனால் அந்த எண்ணில் ஒரு பூஜ்ஜியம் குறைகிறதே என்று இரண்டு ராத்திரி தூங்காமல் இருக்கும் ஆளைத்தான் நான் அன்று பார்த்தேன்.

என் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரு மாதம் கொடுங்கள். அரசாங்கத்தின் டேட்டா டாட் கவ் டாட் எம்.ஒய் தளத்தில் பெட்ரோல் விலை, தினசரிப் பிறப்பு எண்ணிக்கை என்று சி.எஸ்.வி கோப்புகள் இலவசமாகக் கிடைக்கும். அவற்றை அவளே இறக்கி, அட்டவணை கட்டி, ஏற்றிப் பார்க்கட்டும். பிறகு கோயில் பட்டியலைச் சுத்தமாக்கி ஏற்றட்டும். பத்துப் பதினைந்து முறை பிழை வரும். அப்போது எரிச்சல் வந்து மூடி வைத்தால் என்னிடம் சொல்லுங்கள், வேறு வழி யோசிப்போம். அதுவும் நஷ்டமில்லை, ஒரு மாதம்தானே.

அதுவரை இ.பி.எஃப் படிவத்தை அலமாரியிலேயே வையுங்கள். ஏஜெண்ட் முன்பணத்துக்குக் கெடு சொன்னால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். அடுத்த முறை வரும்போது மகள் லேப்டாப்பைக் கொண்டுவரட்டும். தம்பியும் வரட்டும், ஆனால் முதல் அரை மணி நேரம் அவர் வெளியே உட்கார்ந்து தே தாரிக் குடிக்கட்டும்.