தோப்புப் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துப் போகாதீர்கள்

காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் ஓர் அப்பா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். "இப்ப ஏஐ படிக்க வைக்கலன்னா நாளைக்கு உன்னைத்தான் கேட்பா" என்று ஓசூர்ப் பெரியப்பா தினமும் போனில் சொல்கிறாராம். சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட்டு, விடுதியோடு நான்கு வருஷத்துக்கு 14 லட்சம். தோப்பை அடமானம் வைக்கலாமா என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "மண்டி பில்லுல தொகையைத் தமிழ் எழுத்துல போடுற மாதிரி பொண்ணு அதுவா ஒரு புரோகிராம் எழுதிருக்கு. அதனால ஏதாவது பிரயோஜனம் உண்டா?"

ஐயா, உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் தோப்பை வைக்கக் கூடாது. 11 சதவீத வட்டி என்றால் 14 லட்சத்துக்கு வருஷத்துக்கு 1,54,000 ரூபாய், அதாவது மாதம் 12,800க்கு மேல் வட்டி மட்டும். முதல் சம்பளம் 25,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதி வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிற்கும். பெரியப்பா அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்.

மெட்ரிக் பள்ளியில் படித்தவள் என்பதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது, சரி. கலந்தாய்வில் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி கிடைத்தால் சேருங்கள். கிடைக்காவிட்டால் அரசு கலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் போதும். எந்தக் கல்லூரி என்பதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது அந்தக் கடைசி வரியைப் பற்றி. தொகையைத் தமிழில் எழுத வைப்பது விளையாட்டு வேலை இல்லை. ஒன்பது ஒழுங்காக இருக்கிறது, தொண்ணூறு தனி வழி, தொள்ளாயிரம் இன்னொரு வழி, ஒன்பதாயிரத்தில் மறுபடி ஒன்பதே வந்துவிடுகிறது. 1,900 என்றால் 'ஆயிரத்துத் தொள்ளாயிரம்', 1,00,001 என்றால் 'ஒரு லட்சத்து ஒன்று'. நூறு, 'நூற்று' ஆகும் இடமும் உண்டு, ஆகாத இடமும் உண்டு. இதையெல்லாம் யாரும் சொல்லாமல் உட்கார்ந்து சரி செய்திருக்கிறாள் என்றால், அவள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று வேறு சாட்சி தேவையில்லை.

இப்போது அது அவள் லேப்டாப்பில் மட்டும் ஓடுகிறது. பாலக்கோட்டில் பில்லிங் மென்பொருள் எழுதும் ஒருவர் பைதான் மொழி நிரல்களை நிறுவும் 'பிப் இன்ஸ்டால்' கட்டளையை ஒரே வரியில் அடித்து அதைத் தன் கணினியில் இறக்கிக்கொள்ளும்படி பொதி (பேக்கேஜ்) கட்டி வெளியிட வேண்டும். கட்டணம் ஒரு பைசா கிடையாது. சாயங்காலங்களில் உட்கார்ந்தால் ஒரு மாதம் பிடிக்கும். மகளிடம் இதைப் படிக்கக் கொடுங்கள், இனி அவளுக்குத்தான் சொல்கிறேன்.

முதலில் பெயர். பைதான் பொதிகளின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் தேடிப் பார்த்துவிட்டு வை. அங்கே இடைக்கோடு, அடிக்கோடு, புள்ளி மூன்றும் ஒன்றுதான். குறியை மாற்றிப் போட்டு வேறு பெயர் என்று தப்பிக்க முடியாது. நிரலை 'எஸ்ஆர்சி' என்ற கோப்புறைக்குள் தனியாக வை. வெளியே 'பைப்ராஜெக்ட் டாட் டாமல்' கோப்பில் பெயர், பதிப்பு எண், எந்தப் பைதான் முதல் ஓடும், எந்தக் கருவி கட்ட வேண்டும் என்பதை எழுது. பைதான் பதிப்பில் பெருமை பார்க்காதே. உன்னிடம் புதியது இருக்கிறதே என்று அதையே குறைந்தபட்சமாகப் போட்டால், கல்லூரி லேபில் இருக்கும் பழைய பைதானில் 'பொருந்தும் பதிப்பு இல்லை' என்று பிப் கைவிரித்துவிடும். உரிமக் கோப்பை மறக்காதே. அது இல்லாவிட்டால் நிரல் எல்லார் கண்ணிலும் படும், எடுத்துப் பயன்படுத்தச் சட்டப்படி யாருக்கும் அனுமதி இருக்காது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்னும் எம்ஐடி உரிமம் போதும், ஒரு பக்கம்கூட வராது.

'பில்டு' கட்டளை கொடுத்தால் இரண்டு கோப்பு வரும்: மூல நிரல் தொகுப்பு ஒன்று, அப்படியே நிறுவத் தயாரான 'வீல்' ஒன்று. பலரும் சறுக்கும் இடம் இந்த வீல்தான். எண்களுக்கான சொற்பட்டியலைத் தனிக் கோப்பில் வைத்திருந்தால், செட்டப்டூல்ஸ் போன்ற பொதி கட்டும் கருவி, நீ சொல்லாவிட்டால் அதை விட்டுவிட்டுக் கட்டிவிடும். உன் கோப்புறைக்குள்ளிருந்தே சோதித்தால் பைதான் பக்கத்தில் இருக்கும் நிரலையே எடுத்து ஓட்டும், குறை தெரியாது. வீல் என்பது வெறும் ஜிப் கோப்பு. திறந்து பட்டியல் உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பார். பிறகு வேறொரு இடத்தில் மற்ற நிறுவல்கள் கலக்காத புதிய மெய்நிகர் சூழல் உருவாக்கி, அந்த வீலை நிறுவி, 900, 1,900, 90,009 மூன்றையும் ஓட்டு.

தமிழுக்கென்றே ஒரு கண்ணி உண்டு. கோப்பைத் திறக்கும் இடத்தில் தமிழ் எழுத்துகளைச் சரியாகப் படிக்க வைக்கும் குறியாக்கமான யுடிஎஃப்-8 என்று குறிப்பிடாவிட்டால் லினக்ஸில் ஓடும், பல விண்டோஸ் கணினிகளில் உடைந்து விழும். மண்டிகளில் இருப்பது விண்டோஸ்.

டெஸ்ட்பைபிஐ என்று ஒத்திகைக் களம் தனியே இருக்கிறது. கணக்கும், கோப்பேற்றும்போது கடவுச்சொல்லுக்குப் பதில் கொடுக்கும் டோக்கனும் அதற்கு வேறு. கோப்பேற்றும் கருவியான 'ட்வைன்' கொண்டு முதலில் அங்கே ஏற்று. பைபிஐயில் 0.1.0 என்று ஒருமுறை ஏற்றிய கோப்பை அழித்தாலும் அதே பெயரில் திரும்ப ஏற்ற முடியாது, 0.1.1தான் போட வேண்டும். தப்பான பதிப்பை பிப் தானாக எடுக்காதபடி 'யாங்க்' செய்து ஒதுக்கிவை. டோக்கனை நிரலுக்குள் எழுதி, நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப்பில் போட்டுவிடாதே.

ஐயா, இதைச் செய்தால் வேலை நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. நேர்முகத் தேர்வில் "என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டால் காட்ட ஒன்று இருக்கும். பிறர் சொன்ன பிழையைத் திருத்தி 0.1.4, 0.2.0 என்று தேதியோடு போட்ட வரலாறு அதோடு நிற்கும். மேனேஜ்மென்ட் சீட்டு ரசீதை அந்த மேஜையில் யாரும் கேட்கப் போவதில்லை.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2024 ஜனவரி முதல் பைபிஐ கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு போன் செயலி காட்டும் எண் போன்ற இன்னொன்றும் கேட்பது) கட்டாயம். போன் தொலைந்தால் உள்ளே நுழைய மீட்புக் குறியீடுகள் வேண்டும். மகள் அவற்றைத் தாளில் எழுதித் தரட்டும். தோப்புப் பத்திரம் இருக்கும் அதே பீரோவில், அதே உறைக்குள் வைத்துப் பூட்டுங்கள்.