சனிக்கிழமை மாலைகளில் அறுந்துபோகும் சர்வர்: அப்பாச்சிக்குள் ஓடும் பிஎச்பி ஏன் திடீரென விழுகிறது?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கான கூலிக் கணக்கு மென்பொருளை நடத்தி வருகிறோம். கட்டிங், பவர்டேபிள், செக்கிங், கைமடி, பேக்கிங் என ஒவ்வொரு பகுதியின் பீஸ் ரேட்டும் அதில் ஏறும். சர்வரில் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 20.04, பக்கங்களை பிரௌசருக்கு அனுப்பும் அப்பாச்சி 2.4, அதற்குள்ளேயே மாட்யூலாக (செருகு பகுதியாக) ஓடும் பிஎச்பி 7.4; எங்கள் நிரல் எழுதப்பட்ட மொழி அதுதான். நாளொன்றுக்கு நாலைந்து முறை, யாராவது ஒருவருக்குப் பக்கம் வராமல் இணைப்பு அறுந்துபோகிறது. மறுபடி அழுத்தினால் வந்துவிடுகிறது. எர்ரர் லாகில் (பிழைப் பதிவேட்டில்) 'சைல்ட் பிஐடி, எக்ஸிட் சிக்னல், செக்மெண்டேஷன் ஃபால்ட் 11' என்ற ஒற்றை வரி மட்டுமே இருக்கிறது. ரேமை 8 ஜிபியிலிருந்து 16 ஆக்கினோம், பிஎச்பியின் மெமரி லிமிட்டையும் உயர்த்தினோம், குறைந்தபாடில்லை. சனிக்கிழமை மாலை சம்பளப் பட்டியல் போடும் நேரத்தில் அதிகமாக வருகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்: தேடுவதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. 'மறுபடி அழுத்தினால் வந்துவிடுகிறது' என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. கூலியை டேட்டாபேஸில் எழுதி முடித்த பிறகு, பதில் பக்கம் பிரௌசருக்குப் போய்ச் சேர்வதற்குள் ப்ராசஸ் (அந்த வேலையைச் செய்ய ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) விழுந்திருந்தால், கணக்கர் இரண்டாம் முறை அழுத்தும்போது அதே கூலி இரண்டு முறை ஏறியிருக்கும். பாதி எழுதும்போது விழுந்திருந்தால், ஒரு டெய்லரின் வாரக் கூலியில் பாதி நாள்கள் விடுபட்டிருக்கும். ஆகவே சம்பளம் எழுதும் பகுதி முழுவதும், எழுதினால் முழுதாக எழுது, இல்லையேல் எதையும் எழுதாதே என்ற ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்கிறதா, டேபிள்கள் அந்த வசதி இல்லாத மைஐசாமில் அல்லாமல் அது உள்ள இன்னோடிபியில் இருக்கின்றனவா, ஒரு தொழிலாளிக்கு ஒரு வாரத்துக்கு ஒரே பதிவுதான் ஏற முடியும் என்று யூனிக் கீ போடப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் இன்றைக்கே பாருங்கள். சர்வர் விழுவதை நிறுத்தச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை ஒருவருடைய கூலியும் அதனால் பிசகக் கூடாது.

இனி அந்த ஒற்றை வரி. அதை எழுதியது பிஎச்பி அல்ல, அப்பாச்சியின் தாய் ப்ராசஸ். தன் கீழிருந்த ஒரு சைல்ட் ப்ராசஸ் தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட்டதால், லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதற்கு 11ஆம் சிக்னலை அனுப்பி நிறுத்திவிட்டது என்பதே அதன் பொருள். மெமரி லிமிட்டைத் தாண்டினால் பிஎச்பி தானே ஒரு ஃபேட்டல் எர்ரரை எழுதிவிட்டு முறையாக நின்றிருக்கும். சர்வரின் மொத்த ரேம் போதாமல் கெர்னல் கொன்றிருந்தால் சிக்னல் எண் 9 ஆக இருந்திருக்கும். ஆகவே நீங்கள் ரேமுக்குச் செலவழித்த பணத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. பழைய லாகில் 6 என்ற எண் எங்காவது இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நினைவக அடுக்கு குலைந்திருப்பதை சி லைப்ரரியே கண்டுபிடித்து நிறுத்திய அடையாளம் அது. 7 இருந்தால், மெமரியில் மேப் செய்யப்பட்ட ஒரு கோப்பு நடுவில் சுருக்கப்பட்டிருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் மேலேயே புதிய கோப்புகளை நகலெடுத்துப் போடும் இடங்களில் இது வரும்.

மாட்யூலாக ஓடும் பிஎச்பிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது அப்பாச்சியின் ப்ராசஸுக்குள்ளேயே, அதே நினைவகத்திலேயே குடியிருக்கிறது. மைஎஸ்க்யூஎல், ஓபன்எஸ்எஸ்எல், எக்ஸ்எம்எல், கர்ல், பட வேலைக்கான லைப்ரரிகள் எல்லாம் அந்த ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. ஒன்று செய்யும் பிழை இன்னொன்றின் மேல் போய் விடிகிறது. நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி பழுதானால் துணியில் விழும் ஊசிக்கோடு, பல சமயம் சாயம் ஏறிய பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்காகச் சாயப்பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது என்பதை உங்கள் ஊரில் நான் விளக்க வேண்டியதில்லை. ப்ராசஸ் விழுந்த இடமும் அதைப் போன்றதுதான். பிழை அங்கே வெளிப்பட்டது என்பது உறுதி. அங்கேதான் பிறந்தது என்று முடிவு கட்ட ஆதாரம் வேண்டும்.

முதல் ஆதாரம், எந்தக் கோரிக்கை ப்ராசஸை வீழ்த்தியது என்பது. இதை ஆக்சஸ் லாகில் தேடிப் பலர் நாள்களை வீணாக்குகிறார்கள். ஒரு கோரிக்கை முடிந்த பிறகுதான் ஆக்சஸ் லாகில் வரி எழுதப்படும். முடியாமலே செத்துப்போன கோரிக்கைக்கு அதில் இடமே இல்லை. நீங்கள் அங்கே பார்ப்பவை எல்லாம் பிழைத்துப் போனவை. இதற்காகவே அப்பாச்சியில் லாக் ஃபோரென்சிக் என்ற மாட்யூல் இருக்கிறது. கோரிக்கையின் தலைப்பு வரிகளைப் படித்தவுடன், அதைச் செயல்படுத்தும் முன்பே, கூட்டல் குறியிட்டு ஒரு வரியையும், வேலை முடிந்தபின் அதே அடையாள எண்ணுடன் கழித்தல் குறியிட்டு இன்னொரு வரியையும் எழுதும். கழித்தல் குறியில்லாமல் தனித்து நிற்கும் கூட்டல் வரிதான் நீங்கள் தேடுவது. அப்பாச்சி யூட்டில்ஸ் தொகுப்போடு வரும் செக் ஃபோரென்சிக் என்ற சிறு நிரல் அவற்றை மட்டும் பொறுக்கித் தரும்; அந்த நொடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கோரிக்கைகளும் பட்டியலில் வரும் என்பதால், எர்ரர் லாகின் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குக்கி உட்பட எல்லாத் தலைப்புகளும் இந்த லாகில் பதிவாகும். ரூட் பயனர் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி வையுங்கள்.

இரண்டாம் ஆதாரம் கெர்னலின் லாகில் ஏற்கெனவே கிடக்கிறது. ஒவ்வொரு விழுகைக்கும் கெர்னல் ஒரு வரி எழுதும்: தொட்ட முகவரி, அப்போது ஓடிய கட்டளையின் முகவரி, ஸ்டாக்கின் (ஒன்றுக்குள் ஒன்றாக அழைக்கப்படும் ஃபங்ஷன்களின் கணக்கை வைக்கும் நினைவகப் பகுதியின்) முகவரி, எர்ரர் எண், கடைசியில் எந்தக் கோப்புக்குள் என்ற பெயர். எர்ரர் 4 என்றால் இல்லாத இடத்தைப் படிக்க முயன்றது, 6 என்றால் எழுத முயன்றது. தொட்ட முகவரி 0 அல்லது அதற்கு மிக அருகில் என்றால், வெற்றுச் சுட்டியை, அதாவது எதையும் காட்டாத முகவரியைப் பின்தொடர்ந்திருக்கிறது. தொட்ட முகவரியும் ஸ்டாக் முகவரியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஸ்டாக் நிரம்பி வழிந்திருக்கிறது. லினக்ஸில் அதன் வழக்கமான எல்லை 8 எம்பி. உங்கள் சனிக்கிழமைக் கதையைப் படித்தவுடன் என் ஐயம் முதலில் இங்கேதான் போனது. சம்பளப் பட்டியலைத் தயாரிக்கும் நிரல், ஒரு தொழிலாளியின் பதிவு அடுத்தவரின் பதிவைப் பிடித்திருக்குமாறு பொருள்களை நீண்ட சங்கிலியாகக் கோத்து வைத்திருந்தால், வேலை முடிந்து அச்சங்கிலியைக் கலைக்கும்போது பிஎச்பி ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கிக்கொண்டே போகும். சங்கிலி பல்லாயிரம் கண்ணி நீளமானால் ஸ்டாக் தாங்காது. பிஎச்பி தானாகவே அழைக்கும் மேஜிக் மெத்தடுகளும் கால்பேக்குகளும் தம்மையே திரும்பத் திரும்ப அழைப்பதும் இதே விளைவைத் தரும். சிறிய கம்பெனிக்குச் சரியாக ஓடி, ஆள் அதிகமுள்ள கம்பெனிக்கு மட்டும் விழுகிறது என்றால் இது ஏறக்குறைய உறுதி.

இந்த வரிகளைப் பத்துப் பதினைந்து முறைக்குச் சேர்த்து ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். கட்டளை முகவரியிலிருந்து கோப்பின் தொடக்க முகவரியைக் கழித்த எண் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே வந்தால், குறிப்பிட்ட ஒரு பிழை இருக்கிறது, தேடினால் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடம், வேறு வேறு லைப்ரரி, கூடவே மற்ற நிரல்களும் எப்போதாவது விழுகின்றன என்றால் ரேம் சில்லின் மேலேயே ஐயம் வர வேண்டும். புதிதாகப் போட்டதும் விதிவிலக்கல்ல. கம்பெனிகள் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டைப் பல சுற்று ஓடவிடுங்கள். நேரத்தையும் கவனியுங்கள். நள்ளிரவில் ஒரு விழுகை தவறாமல் இருந்தால், லாக் சுழற்சிக்காக அப்பாச்சி ரீலோட் ஆவதும், அப்போது மாட்யூல்கள் கழற்றி மாட்டப்படுவதும் காரணமாக இருக்கலாம். அதைப் பகல் விழுகைகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது ஆதாரம் கோர் டம்ப். விழுந்த கணத்தில் ப்ராசஸின் நினைவகம் எப்படி இருந்ததோ அப்படியே கோப்பாக எழுதி வைப்பது. இதைப் பெறுவதில்தான் பலரும் சலித்துக் கைவிடுகிறார்கள், ஏனென்றால் வழியில் நான்கு கதவுகள் சாத்தியிருக்கின்றன. அப்பாச்சி ரூட் ஆகத் தொடங்கிப் பிறகு வேறு பயனராக மாறுவதால், கெர்னல் பாதுகாப்புக் கருதி அதற்கு டம்ப் எழுதுவதில்லை. அப்பாச்சி அமைப்பில் கோர் டம்ப் டைரக்டரி என்ற கட்டளையைத் தந்தால்தான் அந்தத் தடை நீங்கும். சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியில் அப்பாச்சி சேவைக்கு லிமிட் கோர் என்பதை இன்ஃபினிட்டி என மாற்ற வேண்டும். உபுண்டு எல்லா டம்ப்புகளையும் அப்போர்ட் என்ற நிரலுக்குத் திருப்பிவிடுகிறது. கெர்னலின் கோர் பேட்டர்ன் அமைப்பை மாற்றி நேரே கோப்பாக எழுதச் செய்ய வேண்டும். நான்காவதாக, அக்கோப்பு டெம்ப் கோப்புறைக்குப் போகக் கூடாது; அப்பாச்சி சேவைக்குத் தனி டெம்ப் கோப்புறை ஒதுக்கப்பட்டிருப்பதால், நீங்கள் பார்க்கும் இடத்தில் அது இருக்காது. வேறொரு கோப்புறை உருவாக்கி, அப்பாச்சியின் பயனருக்கு மட்டும் உரிமை கொடுங்கள். தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு எண்கள்கூட அந்த டம்ப்புக்குள் இருக்கக்கூடும் என்பதால், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். யாருக்கும் மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள்.

டம்ப் கிடைத்தால் ஜிடிபி என்ற கருவியில் அப்பாச்சியோடு சேர்த்துத் திறந்து பேக்ட்ரேஸ் (விழுந்தபோது எந்த ஃபங்ஷன் எதை அழைத்திருந்தது என்ற பட்டியல்) கேளுங்கள். பெயர்களுக்குப் பதில் கேள்விக்குறிகளாக வந்தால் டீபக் சிம்பல் தொகுப்புகளை நிறுவ வேண்டும். பிஎச்பியின் மூல நிரலோடு வரும் ஜிடிபி இனிட் கோப்பை ஏற்றிக்கொண்டால், ஸெட் பேக்ட்ரேஸ் என்ற கட்டளை உங்கள் நிரலின் எந்தக் கோப்பில் எந்த வரி அப்போது ஓடியது என்பதையும் காட்டும். ஒரே ஃபங்ஷன் பெயர் ஆயிரக்கணக்கான வரிகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் ஸ்டாக் நிரம்பிய கதை.

பேக்ட்ரேஸே தவறான இடத்தைக் காட்டும் என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கான சர்வரைப் பார்த்தபோது, டம்ப் முழுவதும் மறையாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லுக்குள் விழுந்ததாகவே காட்டியது. இரண்டு வாரம் சான்றிதழ்களையும் டேட்டாபேஸ் இணைப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில், எனக்கு முன் அங்கே வேலை பார்த்த ஒருவர் மூல நிரலிலிருந்து கையால் கட்டிப் போட்டிருந்த ஒரு எக்ஸ்டென்ஷன் (பிஎச்பியோடு சேர்க்கும் கூடுதல் பகுதி), ஓபன்எஸ்எஸ்எல்லின் பழைய 1.0.2ஐயும் தன்னோடு இழுத்துவந்திருந்தது தெரிந்தது. அப்பாச்சி பயன்படுத்தியது 1.1.1. ஒரே பெயருள்ள ஃபங்ஷன்கள் ஒரே ப்ராசஸில் இரண்டு பதிப்புகளாக இருந்து, ஒன்று கட்டிய அமைப்பை இன்னொன்று பிரித்துக்கொண்டிருந்தது. அப்பாச்சிக்குள் பைத்தானை ஓட்டும் மாட் பைத்தான் புழக்கத்தில் இருந்த காலத்திலும், அப்பாச்சியின் எக்ஸ்பாட் என்ற எக்ஸ்எம்எல் லைப்ரரியும் பைத்தானின் எக்ஸ்பாட்டும் இப்படி மோதிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சைல்ட் ப்ராசஸின் நினைவகத்தில் ஏறியிருப்பவற்றைப் பட்டியலிடும் மேப்ஸ் கோப்பைத் திறந்து, ஒரே லைப்ரரி இரண்டு பதிப்பு எண்களில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இதை முதலிலேயே செய்திருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

ஒரே ப்ராசஸுக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடுவதால் வரும் த்ரெட் சிக்கல் உங்களுக்கு இருக்க வாய்ப்பில்லை. உபுண்டுவின் பிஎச்பி மாட்யூல் ஒரு ப்ராசஸ் ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கையைக் கவனிக்கும் ப்ரீஃபோர்க் முறையில்தான் ஓடும். எக்ஸ்டென்ஷன்களில் ஐயம் எழுந்தால், தேவையில்லாதவற்றை முதலில் நீக்குங்கள். பிறகு, மொழிமாற்றிய நிரலைச் சேமித்து வைக்கும் ஓப்கேஷை மட்டும் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டு மாற்றங்கள் வேண்டவே வேண்டாம். நாளுக்கு நாலைந்து முறை மட்டும் வரும் நோயில், ஒரு நாள் வராமல் போவது எதற்கும் சான்றாகாது.

சிலர் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் பெர் சைல்ட் என்ற எண்ணைக் குறைத்து வைக்கச் சொல்வார்கள். ப்ராசஸ் வெகுநேரம் ஓடி நினைவகம் மெல்லக் கெடும் நோய்க்கு அது கட்டுப் போட்டதாக இருக்கும். ஒரே கோரிக்கையில் விழும் நோய்க்கு எந்தப் பயனும் தராது. பிஎச்பியை அப்பாச்சியிலிருந்து பிரித்து, தனி ப்ராசஸாக ஓட்டும் எஃப்பிஎம்முக்கு மாற்றுவதும், பதிப்பை உயர்த்துவதும் நீங்கள் எப்படியும் செய்ய வேண்டியவை. 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டன, உபுண்டு 20.04இன் வழக்கமான ஆதரவும் 2025 மே மாதத்தோடு முடிந்தது. எஃப்பிஎம்மில் லைப்ரரி மோதல்கள் பெரும்பாலும் தீரும். பிஎச்பி 8.3இலிருந்து, ஸ்டாக் நிரம்பும் நிலையைப் பெரும்பாலும் முன்கூட்டியே கண்டு முறையான எர்ரராக எழுதிவிடும். ஆனால் கோரிக்கையையும் டம்ப்பையும் பிடிப்பதற்கு முன் மாறாதீர்கள். பிழை உங்கள் நிரலிலேயே இருந்தால் அதுவும் கூடவே குடிபெயரும், தேடுவதற்கான தடயம் மட்டும் போய்விடும்.

ஃபோரென்சிக் லாகையும் டம்ப் அமைப்பையும் வெள்ளிக்கிழமை இரவுக்குள் முடித்து, சோதனை ப்ராசஸ் ஒன்றுக்கு நீங்களே 11ஆம் சிக்னலை அனுப்பி, கோப்பு உண்மையில் எழுதப்படுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு சனிக்கிழமை விழுந்தவுடன் கெர்னல் வரிகளையும், பேக்ட்ரேஸின் முதல் முப்பது வரிகளையும், மேப்ஸ் கோப்பிலிருந்து லைப்ரரிப் பெயர்களையும், தொழிலாளர் விவரம் எதுவும் இல்லாமல், எனக்கு அனுப்புங்கள்.